எஃகுத் தகட்டில் பூசிய தீத்தடுப்புப் பூச்சு: கரி எழும்புகிறது, ஆனால் நிற்கவில்லை. என்ன குறை?

இளம்பாலிமர்

எல்லோருக்கும் வணக்கம். எஃகுக்கான நுரைக்கும் வகைத் தீத்தடுப்புப் பூச்சு ஒன்றை ஆய்வகத்தில் உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் அடிப்படையிலானது. எடைக் கணக்கில் அமோனியம் பாலிபாஸ்பேட் 24 சதவீதம், பென்டாஎரித்ரிட்டால் 8, மெலமின் 8, டைட்டானியம் டை ஆக்சைடு 6, ஸ்டைரீன்-அக்ரிலிக் எமல்ஷன் 22. மீதி ஃபில்லர், தண்ணீர், வழக்கமான சேர்மானங்கள்.

காய்ந்த படலம் 800 மைக்ரான். தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி பர்னர் பிடித்தால் முதலில் பொங்கி வருகிறது. ஆனால் ஒரு விரல் தடிமன்கூட எட்டவில்லை. பிறகு விரிசல் விட்டுச் செதில் செதிலாக உதிர்கிறது. தகட்டின் பின்பக்க வெப்பம் மளமளவென ஏறுகிறது.

புரியாத விஷயம் இதுதான்: தனியாக எடுத்த படலத்தின் ஆக்சிஜன் குறியீடு 33. அது நல்ல எண் அல்லவா? பாலிபாஸ்பேட்டை 30 சதவீதம் வரை ஏற்றிப் பார்த்தேன், பெரிய மாற்றம் இல்லை. டெகாபுரோமோ சேர்மத்தையும் ஆன்டிமனி டிரை ஆக்சைடையும் கொஞ்சம் சேர்க்கச் சொல்லி உடன் வேலை செய்பவர் ஒருவர் யோசனை தருகிறார். பாஸ்பேட்டை இன்னும் ஏற்றுவதா, புரோமின் பக்கம் போவதா?

உலைமுனை

முதலில் அந்த 33 பற்றி. ஆக்சிஜன் குறியீட்டுச் சோதனையில் சிறிய துண்டு ஒன்றைக் கண்ணாடிக் குழாய்க்குள் நிறுத்தி, மேல் நுனியில் தீ வைத்து, கீழ்நோக்கி எரிய எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று பார்க்கிறோம். காற்றில் 21 சதவீதம் இருப்பதால் 26, 28-ஐத் தாண்டினால் தானே அணையும் என்று கொள்கிறோம். அதாவது "இந்தப் பொருள் எரியுமா" என்ற கேள்விக்குத்தான் அது பதில்.

உங்கள் கேள்வி வேறு. எஃகு எரியப் போவதில்லை. சூடேறி வலு இழக்கப் போகிறது. 550 டிகிரி செல்சியஸில் அறை வெப்பநிலை வலுவில் சுமார் 60 சதவீதம்தான் மிஞ்சும். பூச்சு செய்ய வேண்டிய வேலை அந்த வெப்பநிலையை எட்டவிடாமல் தள்ளிப்போடுவது. அதற்கு வெப்பத்தைக் கடத்தாத தடிமனான கரிநுரை வேண்டும். ஆக்சிஜன் குறியீடு 33 இருக்கும் பூச்சு உதிர்ந்து விழுந்தால் எஃகுக்கு ஒரு பயனும் இல்லை. 24 மட்டுமே இருக்கும் பூச்சு நன்றாக நுரைத்து ஒட்டிக்கொண்டு நின்றால் எஃகு பிழைக்கும்.

தீ பரவாமல் தடுப்பது ஒரு வேலை, தீயைத் தாங்கி நிற்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே எண்ணால் அளக்க முடியாது.

இன்னொன்று, உங்கள் தகட்டின் தடிமன் என்ன? மெல்லிய தகடு சீக்கிரம் சூடேறும். தீ படும் சுற்றளவை வெட்டுமுகப் பரப்பால் வகுத்து வரும் விகிதத்தைச் சொல்லாமல் "இத்தனை நிமிடம் தாங்கியது" என்றால் அதை எதோடும் ஒப்பிட முடியாது.

பச்சைவேதி

புரோமின் யோசனையைத் தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிடுங்கள். நஞ்சு என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம், அது உங்கள் வேலைக்கே உதவாது.

புரோமின் சேர்மங்கள் வேலை செய்வது சுவாலைக்குள், வாயு நிலையில். ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள்தான் எரிதலைச் சங்கிலியாக நீட்டுகின்றன. சூட்டில் வெளிவரும் ஹைட்ரஜன் புரோமைடு அவற்றைப் பிடித்து அடக்குகிறது. ஆன்டிமனி ஆக்சைடு அந்தப் புரோமினை ஆவியாகும் ஆன்டிமனி புரோமைடாக மாற்றிச் சுவாலைக்குள் கொண்டு சேர்க்கிறது. பிளாஸ்டிக் பெட்டி தீப்பிடிக்காமல் இருக்க இது உதவும். வெளியிலிருந்து எரியும் பெருந்தீயின் நடுவே நிற்கும் எஃகுத் தூணுக்கு இதில் என்ன கிடைக்கும்? பூச்சிலிருந்து வரும் கொஞ்சம் புரோமின் அந்தத் தீயை அணைக்கப் போவதில்லை. எரிதல் பாதியில் அறுபடுவதால் புகையும் கார்பன் மோனாக்சைடும் கூடும், அவ்வளவுதான்.

நஞ்சுப் பக்கம் கதை நீளமானது. குழந்தைகளின் இரவு உடையில் டிரிஸ் என்ற புரோமின் பாஸ்பேட்டைப் பயன்படுத்தினார்கள். அது டிஎன்ஏவைச் சிதைக்கக்கூடும் என்று விஞ்ஞானிகள் ஆர்லீன் புளூமும் புரூஸ் ஏம்ஸும் 1977-இல் எழுதினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் அந்த உடைகளுக்குத் தடை வந்தது. பிறகு, எளிதில் சிதையாத நச்சுச் சேர்மங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் பென்டா, ஆக்டா வகை புரோமோ டைஃபீனைல் ஈதர்கள் 2009-இல் சேர்ந்தன. ஹெக்சாபுரோமோசைக்ளோடோடெகேன் 2013-இல். உங்களுக்குச் சொல்லப்பட்ட அந்த டெகா 2017-இல். பாலிமரோடு வேதிப்பிணைப்பு இல்லாமல் வெறுமனே கலந்து கிடக்கும் மூலக்கூறு மெல்ல வெளியேறித் தூசிக்கும், தூசியிலிருந்து உடலுக்கும் போகும். புதிதாக ஒன்றை உருவாக்கும் இடத்தில் இருப்பவர்கள் அந்தப் பாதையில் மறுபடி காலடி வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பூச்சுப்பட்டறை

தம்பி, "மீதி ஃபில்லர்" என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்களே. அது என்ன ஃபில்லர், எவ்வளவு?

இளம்பாலிமர்

கால்சியம் கார்பனேட், 12 சதவீதம். வெள்ளை மறைப்பும் கெட்டியும் கிடைப்பதால் சாதாரண பெயிண்ட் சூத்திரத்திலிருந்து அப்படியே வந்தது. தகடு 3 மில்லிமீட்டர்.

பூச்சுப்பட்டறை

அங்கேதான் பாதி விடை இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பூச்சுகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான்.

நுரைக்கும் பூச்சு என்பது வரிசை தவறாமல் நடக்க வேண்டிய ஒரு வேலை. முதலில் பைண்டர், அதாவது பொடிகளைப் பிடித்து வைக்கும் உங்கள் எமல்ஷன், இளகுகிறது. அடுத்து, 300 டிகிரியை நெருங்கும்போது பாலிபாஸ்பேட் அமோனியாவை விட்டுவிட்டுப் பாலிபாஸ்பாரிக் அமிலமாகிறது. அந்த அமிலம் 260 டிகிரியிலேயே உருகிவிட்ட பென்டாஎரித்ரிட்டாலோடு சேர்ந்து எஸ்டராகி, தண்ணீரைப் பிடுங்கி, கரியாக மாற்றத் தொடங்குகிறது. அந்தக் கரிக்குழம்பு பிசுபிசுவென்று இருக்கும் அந்தச் சில நொடிகளில், சுமார் 350 டிகிரியில், மெலமின் சிதைந்து வாயுவை விடுகிறது. குழம்பு ஊதிப் பெருகுகிறது. பெருகி முடித்ததும் இறுகுகிறது. இதில் எந்த ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் நுரை கிடைக்காது. வாயு முந்தினால் நீர்த்த குழம்பில் குமிழ்கள் உடைந்து போகும். பிந்தினால் ஏற்கனவே இறுகிய கரியை வாயு பிளந்துகொண்டு வெளியேறும். நீங்கள் பார்க்கும் விரிசலும் செதிலும் இந்த இரண்டாம் வகை.

இப்போது கார்பனேட்டுக்கு வருவோம். உருவாகும் அமிலம் பென்டாஎரித்ரிட்டாலைத் தேடிப் போவதற்குள் பக்கத்தில் கால்சியம் கார்பனேட் உட்கார்ந்திருக்கிறது. அமிலமும் கார்பனேட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். கால்சியம் பாஸ்பேட்டாகக் கட்டிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாலிபாஸ்பேட்டின் ஒரு அலகின் எடை 97, கால்சியம் கார்பனேட்டின் எடை 100. கால்சியம் பைரோபாஸ்பேட்டாகப் போகிறது என்று வைத்தால் ஒன்றுக்கு ஒன்று. அப்படியானால் உங்கள் 12 சதவீதக் கார்பனேட் 24 சதவீதப் பாலிபாஸ்பேட்டில் ஏறத்தாழ பாதியை விழுங்கிவிடும். மெட்டாபாஸ்பேட்டாகப் போனால் ஏறக்குறைய முழுவதையும். நடைமுறையில் வினை முழுமையாக நடக்காது. ஆனாலும் கரி உண்டாக வேண்டிய அமிலம் எங்கே போனது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

30 சதவீதம் வரை ஏற்றியும் மாறவில்லை என்றீர்கள். ஏற்றும்போது பைண்டரை அப்படியே வைத்திருந்தால், பொடிகளைப் பிடித்து வைக்கும் அளவுக்குப் பைண்டர் இல்லாமல் போய்விடும். கொஞ்சம் அமிலம் கூடியிருக்கும், கூடவே உதிர்வும் கூடியிருக்கும்.

கார்பனேட்டை முழுவதும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தை வேறு மலிவான பொடியால் நிரப்பவும் வேண்டாம். முதலில் பாலிபாஸ்பேட், பென்டாஎரித்ரிட்டால் (சுருக்கமாகப் பென்டா), மெலமின் மூன்றையும் 3:1:1 என்ற விகிதத்திலேயே வைத்து, தண்ணீரையும் தடிப்பாக்கியையும் மட்டும் சரிசெய்து ஒரு தகடு எரியுங்கள்.

அடுக்குக்களி

பட்டறை ஐயா, ஒரு சந்தேகம். கார்பனேட் சூட்டில் கார்பன் டை ஆக்சைடு விடுமே, அதுவும் ஊதும் வாயுதானே? ஏன் பகை என்கிறீர்கள்?

இன்னொரு யோசனையும் உண்டு. ஃபில்லர் இடத்தில் மான்ட்மொரில்லோனைட் நானோகளி (மிக நுண்ணிய களிமண் அடுக்குகள்) 3 முதல் 5 சதவீதம் போட்டால் என்ன? பாலிமர்களில் வெப்ப வெளியீட்டின் உச்சத்தை அது பாதிக்கும் கீழே இறக்குகிறது என்று கோன் கலோரிமீட்டர் முடிவுகள் ஏராளமாக இருக்கின்றன.

பூச்சுப்பட்டறை

கார்பனேட் தானாகச் சிதைய 700 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அதற்குள் கரி நுரைத்து முடிந்திருக்கும். அமிலம் பட்டு முன்கூட்டியே வரும் வாயுவோ, குழம்பு தயாராகும் முன் வந்து வீணாகிறது. நான் வரிசை என்று சொன்னது இதைத்தான்.

உலைமுனை

நானோகளி பற்றி நான் சொல்கிறேன், அந்த முடிவுகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். உச்சம் இறங்குவது உண்மை. ஆனால் மொத்தமாக வெளியாகும் வெப்பம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வரைபடத்தில் கூர்மையான மலை தட்டையான மேடாக மாறும், பரப்பு குறையாது. அதே மாதிரியைப் பிளாஸ்டிக்குகளுக்கான யூஎல் 94 செங்குத்துச் சோதனையில் வைத்தால் களி மட்டும் போட்டது பெரும்பாலும் தேறாது. அந்தச் சோதனை கேட்பது வேறு: 10 நொடி தீ காட்டி எடுத்ததும் அணைகிறதா, சொட்டு விழுந்து கீழே இருக்கும் பஞ்சு பற்றுகிறதா என்று. அதில் வி-0 என்ற தரம் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் 10 நொடிக்குள் அணைய வேண்டும், ஐந்து துண்டுகளும் சேர்ந்து 50 நொடியைத் தாண்டக் கூடாது. களி உருவாக்கும் தோல், மேலே எரிவதை மெதுவாக்குமே ஒழிய நிறுத்தாது.

நுரைக்கும் பூச்சில் களியைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும் உருகிய குழம்பு கெட்டியாகி ஊதலைக் குறைத்துவிடும். கரியை வலுவாக்க ஒரு சதவீதம் அளவில் முயலலாம். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

கோன் கலோரிமீட்டர் முடிவு படிக்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அந்தக் கருவி வெப்பத்தை நேரடியாக அளப்பதில்லை, செலவான ஆக்சிஜனை அளக்கிறது. பெரும்பாலான கரிமப் பொருள்கள் எரியும்போது ஒரு கிராம் ஆக்சிஜனுக்குச் சுமார் 13.1 கிலோஜூல் வெளிவரும் என்று ஹக்கெட் என்ற ஆய்வாளர் 1980-இல் காட்டியதன் மேல் நிற்கும் கருவி அது. 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டு, கிடைமட்டமாக, மேலிருந்து வெப்பம். நுரைக்கும் பூச்சு எழும்பி வெப்பக்கூம்பை நெருங்கினால் துண்டின் மேல் விழும் வெப்பப் பாய்வே மாறிவிடும். எனவே சதுர மீட்டருக்கு 35 கிலோவாட்டா 50 கிலோவாட்டா, துண்டு எவ்வளவு தாழ்த்தி வைக்கப்பட்டது, தீ மூட்டும் பொறி இருந்ததா என்பதெல்லாம் எழுதாத வரைபடத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

நூலிழை

நான் துணிகளுக்கான பூச்சில் வேலை செய்கிறேன். எஃகுக்கு நேர் எதிரான உலகம், இங்கே அடித்தளமே எரிபொருள். ஆனாலும் பட்டறை ஐயா சொன்ன அமில வேதியியல் இங்கேயும் அதேதான். பருத்தி சூடாகும்போது செல்லுலோஸ் லெவோகுளுக்கோசானாக உடைந்து எரியும் ஆவியாகப் பறக்கும். அதற்கு முன்பே பாஸ்பாரிக் அமிலம் குறுக்கே வந்து தண்ணீரை உருவிவிட்டால் அந்தக் கார்பன் கரியாக நின்றுவிடுகிறது. ஆவியாகாத கார்பன் சுவாலைக்குப் போவதில்லை.

இது பழைய அறிவும்கூட. பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் 1821-இல் அமோனியம் பாஸ்பேட், போராக்ஸ் போன்ற உப்புகளால் துணியை எரியாமல் செய்வது பற்றி எழுதினார். அதற்கும் முன்னால் 1735-இல் ஒபடையா வைல்ட் என்பவர் படிகாரம், போராக்ஸ், விட்ரியால் கலவைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அந்த உப்புகளின் குறை எதுவோ அதுதான் இன்றும் எங்கள் தலைவலி: துவைத்தால் போய்விடும்.

இப்போது பலரும் ஆர்வத்தோடு பேசுவது ஃபைட்டிக் அமிலம் பற்றி. தானியங்களிலும் விதைகளிலும் இருப்பது, எடையில் 28 சதவீதம் பாஸ்பரஸ். அதை கைட்டோசான் என்ற இயற்கைப் பாலிமரோடு மாற்றி மாற்றி நனைத்து அடுக்கடுக்காகப் பருத்தியின் மேல் படியவைக்கலாம் என்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஜேமி கிரன்லனின் குழு 2012-இல் காட்டியது. ஒன்று நேர்மின், மற்றது எதிர்மின், அதனால் ஒட்டிக்கொள்கின்றன. செங்குத்துச் சுவாலைச் சோதனையில் அழகாக அணைகிறது. ஆனால் அந்த அயனிப் பிணைப்பு சோப்புத் தண்ணீரின் காரத்தில் தளர்ந்துவிடும். துவைத்தும் நிற்க வேண்டுமென்றால் இழையோடு வேதிப்பிணைப்பு வேண்டும், அல்லது இழைக்குள்ளேயே கரையாத பாலிமராக உறைய வேண்டும். பாஸ்போனியம் உப்பை அமோனியாவால் உறையவைக்கும் பழைய முறை இரண்டாவது வகை. அது நன்றாக நிற்கிறது, ஆனால் ஃபார்மால்டிஹைடு சிக்கல் கூடவே வருகிறது. முற்றிலும் திருப்தி தரும் விடை இன்னும் யாரிடமும் இல்லை என்றே நினைக்கிறேன்.

பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி இன்னும் மோசம். தனியாக இருந்தால் பாலியெஸ்டர் உருகிச் சொட்டித் தீயிலிருந்து விலகிவிடும். கலப்பில் பருத்தியின் கரி அதைப் பிடித்து நிறுத்தித் திரியாக மாறிவிடுகிறது. இரண்டும் தனித்தனியே எரிவதைவிடக் கலப்பு ஆவேசமாக எரியும்.

இளம்பாலிமர்

கார்பனேட் இல்லாத கலவையை எரித்துப் பார்த்துவிட்டேன். வித்தியாசம் நம்ப முடியாத அளவு! அதே 800 மைக்ரான் படலம் இப்போது மூன்று சென்டிமீட்டருக்கு மேல் எழும்புகிறது. பின்பக்க வெப்பம் 300 டிகிரியை எட்ட எடுக்கும் நேரம் இரட்டிப்புக்கும் மேல் ஆகிவிட்டது. மிக்க நன்றி அண்ணா.

ஆனால் புதிதாக ஒன்று. ஆறிய கரியை பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். மேல்பாதி நெருக்கமான சின்னக் கண்களோடு சாம்பல் நிறத்தில் இருக்கிறது, மேல்தோல் வெள்ளை. கீழே தகட்டை ஒட்டிப் பெரிய வெற்றிடம், கட்டைவிரலே நுழையும். அந்த இடத்தில் தகடு பளபளவென்று வெறுமையாக இருக்கிறது. சில ஓரங்களில் கரி மொத்தமாகக் கழன்று தொங்குகிறது. ப்ரைமராக வீட்டுக் கதவுகளுக்கு அடிக்கும் வகை ஆல்கைடு பூசியிருந்தேன்.

பூச்சுப்பட்டறை

கரியை வெட்டிப் பார்த்தது மிக நல்ல பழக்கம். எண்களைவிட அது அதிகம் பேசும். மேலே நீங்கள் பார்த்த வெள்ளைத் தோல் டைட்டானியம் பைரோபாஸ்பேட். டைட்டானியம் டை ஆக்சைடு வெறும் நிறத்துக்கு அல்ல. கரியின் கார்பன் எரிந்து போன பிறகும் பாஸ்பேட்டோடு சேர்ந்து மேற்பரப்பைப் பீங்கான்போல் பிடித்து நிற்பது அதுதான். 6 சதவீதத்தை 8 ஆக்கிப் பாருங்கள், தோல் கெட்டிப்படும்.

கீழே உள்ள வெற்றிடத்துக்கு முதல் சந்தேகம் ப்ரைமர் மேல்தான். பூச்சு நுரைக்கும் நேரத்தில் அடியில் இருக்கும் ஆல்கைடு இளகி, தானும் சிதைந்து வாயு விடுகிறது. அந்த வாயு போக வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது. தகடு வெறுமையாகத் தெரிவது அதனால்தான். இருகூறு எபாக்சி ப்ரைமரை மெல்லியதாக, 50 மைக்ரான் அளவில், மணல் வீசிச் சுத்தம் செய்த தகட்டின் மேல் பூசுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே மேல்பூச்சு. 800 மைக்ரானை ஒரே தடவையில் ஏற்றியிருந்தால் அடியில் தண்ணீர் மிச்சமிருக்கும், அதுவும் ஆவியாகி இதே வேலையைச் செய்யும். மூன்று தடவையாகப் பிரித்துப் பூசுங்கள்.

இரண்டாவது சந்தேகம் எமல்ஷன். தானே குறுக்குப்பிணைப்பு கொள்ளும் வகையா? அப்படியென்றால் மாற்றுங்கள். குறுக்குப்பிணைப்பு அதிகமுள்ள அக்ரிலிக் சரியாக இளகாது. துணிகளுக்கும் மரச்சாமான்களுக்கும் அது நல்ல குணம், இங்கே கெட்ட குணம்.

உலைமுனை

அதற்காக எபாக்சியில் நுரைக்கும் பூச்சே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளில் பூசுவதே எபாக்சி வகைதான். அங்கே ரெசின் தானே சிதையும்போது இளகி, தன் கார்பனையும் கரிக்குக் கொடுக்கிறது. எழுச்சி குறைவு, ஆனால் கரி கடினம். மில்லிமீட்டர் கணக்கில் தடிமனாகப் பூசி, நடுவே வலையைப் பதிப்பார்கள். 1988 ஜூலை 6 அன்று வடகடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடைத் தீயில் 167 பேர் இறந்த பிறகு எண்ணெய்த் தீயைத் தாங்கும் பூச்சுகள் மீது கவனம் மிகவும் கூடியது.

கட்டிடத் தீக்கான ஐஎஸ்ஓ 834 வளைகோட்டில் உலை 30 நிமிடத்தில் 842 டிகிரி, ஒரு மணி நேரத்தில் 945 டிகிரி. எண்ணெய்த் தீக்கான யூஎல் 1709 சோதனையிலோ 5 நிமிடத்துக்குள் 1093 டிகிரி. முதல் வளைகோட்டுக்காகச் செதுக்கிய அக்ரிலிக் பூச்சை இரண்டாவதில் வைத்தால், நுரை முழுதாக எழும்பும் முன்பே மேல் கரி எரிந்து போகத் தொடங்கிவிடும். எந்தத் தீக்காகச் செய்கிறோம் என்பதைச் சூத்திரம் எழுதும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

மரநிறம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மரத்தின் இழையோட்டம் தெரியும்படி ஒளிபுகும் தீத்தடுப்புப் பூச்சுக்கு இந்தச் சூத்திரத்தை மாற்றிப் பயன்படுத்த முடியுமா?

பூச்சுப்பட்டறை

முடியாது. இதில் உள்ள பொடிகள் அத்தனையும் ஒளியை மறைப்பவை. ஒளிபுகும் வகைக்குப் பாஸ்பேட் எஸ்டரையும் மெலமின் அல்லது யூரியா ரெசினையும் ஒன்றாக வினைபுரியவைத்து, அமிலம், கரி, வாயு என்ற மூன்று வேலையையும் ஒரே மூலக்கூறு வலைக்குள் கொண்டுவர வேண்டும். ஈரப்பதம் பட்டால் வெளுப்பதும், காலப்போக்கில் மஞ்சளாவதும் அதன் பெரிய குறைகள். தனி இழை தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன்.

பச்சைவேதி

எனக்கு இந்தச் சூத்திரத்தில் இன்னொரு கவலை. இன்று பூசி நாளை எரித்தால் எல்லாமே நன்றாக இருக்கும். பத்தாண்டு கழித்து? தீ எப்போது வரும் என்று தெரியாது. பென்டாஎரித்ரிட்டால் தண்ணீரில் நன்றாகக் கரையும், அறை வெப்பநிலையில் 100 மில்லிலிட்டருக்கு ஐந்தாறு கிராம். ஈரம் பட்டுக் காய்ந்து, பட்டுக் காய்ந்து, அது மேற்பரப்புக்கு நகர்ந்து வெள்ளையாகப் பூக்கும். பாலிபாஸ்பேட்டும் மெல்ல நீராற்பகுத்து உப்பாகிக் கசியும். வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது. பூச்சு இருக்கும், ஆனால் நுரைக்காது. பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு மனிதர்கள் அதற்குக் கீழே நடமாடுவார்கள். அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

பூச்சுப்பட்டறை

பச்சைவேதி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இளம்பாலிமர், உங்கள் அடுத்த மாதங்கள் இதற்குத்தான் போக வேண்டும்.

செய்யக்கூடியவை: பென்டாவுக்குப் பதில் டைபென்டாஎரித்ரிட்டால். கரைதிறன் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உருகுவது 220 டிகிரி அருகே, ஆகவே வரிசை கொஞ்சம் முன்னால் நகரும், அதைக் கவனியுங்கள். பாலிபாஸ்பேட்டில் இரண்டாம் படிக வகையையே வாங்குங்கள். சங்கிலி நீளம் ஆயிரத்துக்கும் மேல். முதல் வகை குட்டைச் சங்கிலி, தண்ணீரில் கரையும், டின்னுக்குள்ளேயே பெயிண்டைக் கெட்டியாக்கி அமோனியா வாடை கிளப்பும். மெலமின் ரெசின் உறை போட்ட வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

உறை போட்டதை வாங்கிவிட்டு அதை மணி ஆலையில் (சின்னக் குண்டுகளை உருட்டி அரைக்கும் கருவி) அரைக்காதீர்கள். டைட்டானியம், பென்டா, மெலமின் எல்லாவற்றையும் முதலில் அதிவேகத்தில் நன்றாகப் பரப்பிவிட்டு, வேகத்தைக் குறைத்து, பாலிபாஸ்பேட்டைக் கடைசியில் போடுங்கள். உறை உடைந்தால் உறைக்கு அர்த்தமே இல்லை. உடைந்ததா என்று அறிய எளிய வழி உண்டு: பொடியைக் கொஞ்சம் வெறும் தண்ணீரில் கலக்கி ஒரு நாள் வைத்து, வடிகட்டிய நீரின் மின்கடத்துதிறனை அளங்கள். அதே பொடியை உங்கள் கலக்கியில் அதே வேகத்தில் ஓட்டிவிட்டு மறுபடி அளங்கள். எண் எகிறினால் உறை போய்விட்டது.

அலுமினியம் ஹைட்ராக்சைடைக் குளிர்விக்கும் பொடியாக நிறையச் சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 200 டிகிரி அருகே தன் எடையில் 35 சதவீதம் தண்ணீரை விடுவது நல்லதுதான். கேபிள் உறைகளில் 60 சதவீதம் வரை போட்டு அதை மட்டுமே நம்புகிறார்கள். இங்கே அளவு கூடினால் அலுமினியம் பாஸ்பேட்டாக மாறி, கார்பனேட் செய்த அதே திருட்டைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும்.

நூலிழை

பர்னர் சோதனை செய்யும்போது ஃப்யூம் ஹூட் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் அறை) ஓடட்டும். மெலமினும் பாலிபாஸ்பேட்டும் அமோனியாவைக் கக்கும், நைட்ரஜன் உள்ள சேர்மங்கள் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடும் வரலாம். இளைஞர்கள் நிறையப் பேர் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு எரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இளம்பாலிமர்

எபாக்சி ப்ரைமர் மாற்றியதும் வெற்றிடம் பெரும்பாலும் போய்விட்டது. கரி ஓரம் வரை ஒட்டி நிற்கிறது. நீங்கள் சந்தேகப்பட்டபடியே எமல்ஷன் குறுக்குப்பிணைப்பு வகைதான், வேறொன்று கேட்டிருக்கிறேன். டைபென்டாவும் வருகிறது. நூலிழை மேடம், ஃப்யூம் ஹூட்டில்தான் எரிக்கிறேன்.

கடைசியாக ஒன்று. தண்ணீர் புகாமல் இருக்க மேலே ஒரு டாப்கோட் பூசினால் போதாதா? பாலியூரித்தேன் ஒன்று கையில் இருக்கிறது.

பூச்சுப்பட்டறை

டாப்கோட் அவசியம். ஆனால் கடினமான இருகூறு பாலியூரித்தேனைத் தடிமனாக ஏற்றினால் அது ஓடாக மாறி, அடியில் நுரைக்க வேண்டியதை அழுத்திப் பிடிக்கும். ஏதோ ஓரிடத்தில் பிளந்துகொண்டு கரி அங்கே மட்டும் பீறிடும். முதலில் ஒருகூறு அக்ரிலிக் டாப்கோட்டை 50 மைக்ரானுக்குள் முயலுங்கள். ப்ரைமர், பூச்சு, டாப்கோட் மூன்றும் சேர்ந்த தகட்டைத்தான் எரிக்க வேண்டும். பூச்சை மட்டும் எரித்த முடிவு முழு அடுக்குக்குச் செல்லாது.

உலைமுனை

ஒரே நாளில் ஒரே டின்னிலிருந்து பூசிய தகடுகளை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். ஒன்று அப்படியே. ஒன்று தண்ணீரில் ஊறவைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்தது. ஒன்று ஈரமும் சூடும் மாறி மாறிப் படும் பெட்டியில் இருந்தது. மூன்றையும் ஒரே பர்னர் தூரத்தில் எரியுங்கள். தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி) தகட்டின் பின்பக்க நடுவில் வெல்டு செய்து, அதன் மேல் செராமிக் கம்பளித் துண்டை அழுத்தி மூடுங்கள். இல்லாவிட்டால் ஹூட்டின் காற்றோட்டம் பின்பக்கத்தைக் குளிர்வித்து, பூச்சு செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டிவிடும். முடிவுகளை வளைகோடாகவே இங்கே போடுங்கள். 300, 400, 500 டிகிரியை எட்டிய நேரங்களும், வெட்டிய கரியின் படமும் கூடவே வேண்டும்.